ஞானஸ்நானப் பதிவேட்டில் அழுத பிள்ளை

ஒத்தக்கல்மலை ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எப்சிபாய் திறந்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அது பசி அழுகையும் இல்லை, தூக்கம் கெட்ட அழுகையும் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அழுமே, அந்த அழுகை. குருவானவர் கிருபாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "ஈரம் பண்ணியிருக்கும்மா, பாருங்க" என்றார். எப்சிபாயும் தாளுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை.

அவள் அந்தப் பதிவேட்டைத் தேடி வந்தது அப்பாவுக்காக. ஆசீர்வாதம் பெல்லமியைத் தெரியாதவர்கள் அந்த மலையில் கிடையாது. எஸ்டேட் லாரியைக் காப்பிக்கொட்டை மூட்டைகளோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஆயுசு முழுக்க இறக்கியவர், ஒரு நாள்கூட எதிரே வருகிறவனுக்கு வழிவிடாதவர், லாரியின் நெற்றியில் சாமி பேரோ பிள்ளை பேரோ எழுதாமல் 'பெல்லமி' என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் மலையை அளக்க வந்த பெல்லமி துரைக்கும் பேர் தெரியாத ஒரு மலைப் பெண்ணுக்கும் பிறந்த வில்லியம்தான் அவருடைய பூட்டன் என்பது ஊரறிந்த கதை. துரையின் நிறம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒட்டவில்லை, துரையின் சொத்தும் ஒட்டவில்லை, பேர் ஒன்றுதான் ஒட்டியது. அதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போல அயர்ன் கலையாமல் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டார்கள்.

அப்படியிருக்க, இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற அத்தை மகன் எட்வின், லீவு நாளில் சும்மா இருக்க மாட்டாமல், பெல்லமி துரையின் சொந்தக் கிராமத்தைத் தேடிப் பிடித்து, அங்கே வயலுக்கு நடுவில் நிற்கிற கல் கோயிலுக்குப் போய், அடக்கப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை போனில் படமெடுத்து அனுப்பிவிட்டான். துரை காய்ச்சலோடு கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார். வில்லியம் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அந்த வயல்காட்டுக் கோயிலில் அடக்கமும் ஆகியிருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு சிரிக்கிற பொம்மை முகத்தையும் எட்வின் சேர்த்து அனுப்பியிருந்தான். அந்தப் பொம்மை முகத்தைத்தான் எப்சிபாயால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆசீர்வாதம் அந்தப் பக்கத்தைப் பேரன் பேத்திகளுக்கு முன்னால் வைத்து வாசித்தார். பிறகு நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்தினார். "செத்தவன் பிள்ளை பெத்திருக்கானாம்! அப்ப அந்த வில்லியம் பயல் யாரு? எவனோ ஊர்பேர் தெரியாதவன் போட்டுட்டுப் போன பிள்ளை. அவனைப் போயி பூட்டன் பூட்டன்னு கொண்டாடினேனே. தூ! அவன் எனக்கு ஒண்ணும் ஆகாது."

அத்தோடு கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. அந்த வருஷ ஆரம்பத்தில் இறந்துபோன அவர் மனைவி சொர்ணபாய்க்குக் கல்லறையில் பேர் வெட்டிக்கொண்டிருந்த ஆளையும் ஆள்விட்டு நிறுத்தினார். கல்லில் 'சொர்ணபாய்' வரைக்கும் வந்திருந்தது. அடுத்து 'பெல்லமி' வர வேண்டும். "பொய்ப்பேரை அவ நெஞ்சு மேல தூக்கி வைக்க மாட்டேன். நானும் பேரில்லாமத்தான் போவேன்" என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்றார். உடம்பில் ஒன்றும் இல்லாமல் ஒரு மனுஷன் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போவதை எப்சிபாய் பார்த்தாள். அம்மாவைக் கொடுத்த வருஷத்திலேயே அப்பாவையும் கொடுக்க அவளுக்கு மனசில்லை. தபாலாபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வில்லியத்தைப் பெற்றவர்கள் யார் என்று ஒரு பேராவது கொண்டுவந்து அப்பா கையில் வைக்கிறேன் என்று கிளம்பி வந்தவளுக்குத்தான் பதிவேடு இப்படி அழுது காட்டியது.

பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். பிள்ளையின் பேர், வில்லியம். தகப்பன் என்ற இடத்தில், பெல்லமியின் மகன் என்று சொல்லுகிறார்கள். தாய் என்ற இடத்தில் ஒரு கோடு. எழுதினவர் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

மணி அடித்து, பெருக்கித் துடைத்து, ஆலயத்துக்கு எல்லாமாக இருக்கிற கோயில் குட்டி தவசிமுத்து பதிவேட்டை மூடிப் பார்த்தார், அழுகை நிற்கவில்லை. இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார், பீரோ அழுதது. பூட்டின பீரோவுக்குள் பிள்ளையை விட்டு வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று குருவானவரின் மனைவி, ஊருக்கெல்லாம் ஐயரம்மா, ஓடிவந்து பதிவேட்டை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டத் தட்டப் பழைய தூசி பறந்ததே தவிர அழுகை குறையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்ட கிருபாகரன், தன் ஊழியத்தில் இத்தனை பேர் கண்ணை மூடாமல் விழித்திருந்த ஆராதனை இதுதான் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஒத்தக்கல்மலை ஒன்றும் பெரிய ஊர் இல்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசையான லயன் வீடுகள், ஒரு கடைவீதி, ஒரு ஆலயம், ஒரு பள்ளிவாசல், இரண்டு கோயில்கள், எல்லாவற்றுக்கும் மேல் நாள் முழுக்க மேகம். ஆனால் ஒரு பிள்ளை அழுதால் சும்மா இருக்கத் தெரியாத ஊர். ஒரு புத்தகம் எப்படி அழும் என்று அங்கே யாருமே கேட்கவில்லை, எதற்காக அழுகிறது என்றுதான் கேட்டார்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எப்சிபாய்க்குத் தோன்றியது. திங்கட்கிழமை வசம்பு வந்தது. செவ்வாய்க்கிழமை உரைமருந்தும் கிரைப் வாட்டரும் வந்தன. கண் பட்டிருக்கும் என்று ஒருத்தி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். ஆலயத்துக்குள் இதெல்லாம் கூடாது என்று சொல்ல வேண்டிய கிருபாகரன், அந்த நேரம் பார்த்து சன்னல் கொக்கியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

பேச்சித்தாய் வந்தது புதன்கிழமை. மலையில் எந்தப் பிள்ளைக்கு உரம் விழுந்தாலும் சேலையில் போட்டு உருட்டிச் சுளுக்கை எடுத்துவிடுகிறவள் அவள். பதிவேட்டின் தோல் அட்டையை மேலிருந்து கீழாக நீவிப் பார்த்து, "முதுகுல பிடிச்சிருக்கு, எத்தனை காலமா நிமித்தியே வச்சிருந்தீயளோ" என்று தவசிமுத்துவை முறைத்துவிட்டு, பழைய நூல் சேலையில் அதைக் கிடத்தி, ஒரு முனையை எப்சிபாயிடமும் மறுமுனையை ஐயரம்மாவிடமும் கொடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டச் சொன்னாள். உருட்டினார்கள். அட்டை நெகிழ்ந்து நன்றாகத் திறந்து மூட வந்ததே ஒழிய அழுகை அப்படியே இருந்தது.

இதற்கிடையில் கீழே மாவட்டத் திருச்சபை அலுவலகத்துக்குச் சேதி போய், பதிவேட்டை உடனே கொண்டுவரவும் என்று உத்தரவு வந்தது. கிருபாகரன் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். முதல் வளைவு தாண்டியதும் அழுகை வீறலானது, இரண்டாவது வளைவில் பஸ்ஸில் இருந்த அத்தனை தாய்மார்களும் எழுந்து நின்றுவிட்டார்கள், மூன்றாவது வளைவில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "பிள்ளைக்கு ஊரை விட்டுப் போக இஷ்டம் இல்லை சாமி" என்றார் கண்டக்டர். "இறங்கி எதிர்த்தாப்பில வர்ற வண்டியில ஏறிருங்க. உங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாப் போதும், கைக்குழந்தைக்கு நாங்க எடுக்கிறதில்லை." இந்த விவரத்தையே அறிக்கையாகக் கிருபாகரன் மேலே அனுப்பிவிட்டார். அங்கிருந்து பதில் வரவில்லை.

திரும்பி வந்த பதிவேட்டை மடியில் வாங்கிக்கொண்டு பேச்சித்தாய்தான் முதலில் அதைச் சொன்னாள். "எம்மா எப்சி, நாம கிறுக்குத்தனம் பண்ணிக்கிட்டு இருக்கோம். பிள்ளை அழுதா முதல்ல என்ன கேப்போம்? ஆரு அடிச்சான்னு கேப்போம். அதைக் கேட்டமா?"

அங்கிருந்த பெண்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்துத் தாலாட்டு எதுவும் அந்தக் கேள்வி இல்லாமல் முடிவதில்லை. ஆரடித்து நீ அழுகிறாய் என்று கேட்டு, தாய்மாமனில் தொடங்கி, பெரியமாமன் சின்னமாமன், அத்தை சித்தி என்று உறவு உறவாகப் பேர் சொல்லிக்கொண்டே போவார்கள்; தன் சனத்தின் பேர் காதில் விழ விழப் பிள்ளை அடங்கும். அடங்குகிற பேர் எதுவோ அதுதான் அம்மா வழி என்று எப்சிபாய்க்குப் பளிச்சென்று பிடிபட்டது. எந்த வீட்டு மாமன் பேருக்கு வில்லியம் வாயை மூடுகிறானோ, அந்த வீட்டுப் பெண்தான் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவள். கோயிலில் எழுதி வைக்காதது தொட்டிலில் கிடைத்துவிடும்.

பேச்சித்தாயே ஆரம்பித்தாள். பதிவேட்டைச் சேலைத் தொட்டிலில் போட்டு உத்தரத்தில் கட்டி, தன் வம்சத்தில் பாட்டனுக்கும் பாட்டன் காலத்திலிருந்து வருகிற பேர்களை எல்லாம் இழுத்துப் பாடினாள்.

"சுனையோரம் சுடலை மாமன் சுள்ளியால தொட்டானோ,
மலையேறும் மாடன் மாமன் மறந்துவிட்டுப் போனானோ..."

பிள்ளை கேட்டது, அப்புறம் அழுதது. கேட்டதே பெரிய முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் மறுநாள் தொட்டிலுக்கு யாரும் வரவில்லை. அதுவும் மனுஷ இயல்புதான். தன் வீட்டு மாமன் பேருக்குப் பிள்ளை அடங்கிவிட்டால், அந்தக் காலத்தில் நம் வீட்டுக் கன்னிப்பெண் ஒருத்தி தாலியில்லாமல் பெற்று, பெற்றதை வெள்ளைக்காரன் கோயிலில் கொண்டு வைத்துவிட்டுப் போனாள் என்று ஊருக்கு முன்னால் ஆகிவிடும். எந்த வீட்டில் அதற்குத் துணிவு வரும்? கதவுகள் சாத்திக் கிடந்தன. சாத்தின கதவுகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு எல்லாரும் அழுகையைக் கேட்டார்கள். எப்சிபாய் தனியாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அழுகை வந்தது.

முதல் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் டீக்கடை மைதீன் பீவி. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, "போனா மானம்தானே போவும், போவட்டும். இதைக் கேட்டுக்கிட்டு சோறு இறங்க மாட்டேங்குது" என்று தரையில் உட்கார்ந்து, தன் அண்ணன்மாரான காக்காமார் பேரையும் அவர்களுக்கு முந்திய காக்காமார் பேரையும் சொல்லி ஆட்டினாள். பிள்ளை அடங்கவில்லை. அவளுக்கு முகம் விழுந்துபோயிற்று. மானம் தப்பியதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவள், "எங்க வீட்டுப் பிள்ளை இல்லையா இது?" என்று ஏமாந்துபோய்க் கேட்டதை வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள், அது எப்படியோ கடைவீதி முழுக்கப் பரவியது, அன்று சாயங்காலத்துக்குள் ஆலயத்து வாசலில் வரிசை நின்றது.

எப்சிபாய் தன் ஐம்பது சொச்ச வயதில் அப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள் அதில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் இருந்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டியதே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்த பெரிய வீட்டு ஆம்பிளைகள், பெண்களுக்குப் பாட வராது என்று தாங்களே வந்து, கரகரத்த தொண்டையில், வெட்கத்தில் காது சிவக்க, மாமன் பேரைச் சொல்லி ஆட்டினார்கள். ஒவ்வொருவரும் அந்தப் பழி தங்கள் வீட்டில் வந்து விழாதா என்று ஏங்கி வந்தார்கள். விழவில்லை என்றதும் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மலையில் பாடாத வீடு என்று ஒன்று மிச்சமில்லாமல் போன பிறகும் வில்லியம் அழுதுகொண்டுதான் இருந்தான்.

எப்சிபாய் வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்தாள். கொண்டுவந்து கையில் வைக்க ஒரு பேரும் கிடைக்கவில்லை.

"ஊருக்குள்ள ஒரு பிள்ளை அழுதுக்கிட்டே கெடக்கு" என்றார் ஆசீர்வாதம் சுவரைப் பார்த்தபடியே. குரல் நூலாகியிருந்தது. "யாரு வீட்டுப் பிள்ளை? பெத்தவளுக்குக் காது கேக்காதா?"

அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. எப்சிபாய் சொன்னாள். பதிவேட்டில் இருந்ததை, கோட்டை, சேலையில் உருட்டினதை, பஸ் ஏறினதை, வீடு வீடாக வந்து பாடினதை எல்லாம் சொல்லி, "யாரு பேருக்கும் அடங்கலப்பா, அவனுக்குன்னு யாரும் இல்ல போல" என்று முடித்தாள்.

ஆசீர்வாதம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "எப்பயிருந்து அழுதான்?" என்று கேட்டார்.

"நான் தொறந்த அன்னைக்கு."

"அதுக்கு முந்தின வாரந்தானே நான் அவனை அப்படிப் பேசினது."

அவர் எழுந்து உட்கார்ந்ததையும், சட்டை கேட்டதையும், அந்த உடம்போடு நடக்க முடியாது என்றவர்களை உறுமி அடக்கியதையும் மலையில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எஸ்டேட் லாரியை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஓட்டுகிறவன் வளைவில் பிரேக் மிதித்த விதம் சரியில்லை என்று அந்த நிலையிலும் அவனை இரண்டு வார்த்தை திட்டினார். ஆலயத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். தொட்டிலிலிருந்து பதிவேட்டைத் தூக்கி, கழுத்து நிற்காத பிள்ளையை வாங்குகிறவர்கள் ஒரு கையை அடியில் கொடுத்து வாங்குவார்களே, அப்படி வாங்கிக்கொண்டு முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பாட வராது. பாடவும் இல்லை, ஆட்டிக்கொண்டே பேசினார்.

"ஆரு அடிச்சா, வில்லியம்? மாமன் அடிச்சானா? உனக்கு மாமன் யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா. அத்தை அடிச்சாளா? அதுவும் தெரியாது." மூச்சு வாங்கியது. "நாந்தான் அடிச்சேன். ஆசீர்வாதம் அடிச்சேன். நீ எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பேரன் பேத்திய முன்னால வச்சுச் சொன்னேன். உன்னைப் பெத்தவன் யாருன்னு தெரியாததுக்கு நீ என்ன பண்ணுவ? கைப்பிள்ளை நீ. வயசுக்கு மூத்த நானு அப்படிச் சொல்லலாமா? தப்பு என் மேலதான், ராசா. தப்பு என் மேலதான்."

அழுகை விக்கலானது.

ஆசீர்வாதம் பேர் சொல்லத் தொடங்கினார். வில்லியத்துக்கு முந்தியவர்கள் பேர் அவரிடம் இல்லை, பிந்தியவர்கள் பேர் இருந்தது, அதையே சொன்னார். "உன் மகன் தானியேல் இருக்கான்லா. காலரா வந்தப்ப லயன் லயனாப் போயி தண்ணி குடுத்தவன். அவன் மகன் எங்கப்பா யோசேப்பு, மரத்துல இருந்து விழுந்தும் பிழைச்சவன். நான் இருக்கேன். இந்தா நிக்கா பாரு எப்சி, தபாலாபீசுல வேலை பாக்கா. அவ பிள்ளைங்க மூணு. இங்கிலாந்துல எட்வின்னு ஒரு கிறுக்குப்பய இருக்கான், அவனும் உன் பிள்ளைதான். அப்புறம் சொர்ணபாய். வேற வீட்டுல பொறந்து உன் பேரைச் சுமக்க வந்தவ. ஒரு நாளும் உன்னைக் குறையாப் பேசினது கெடையாது அவ, நான்தான் பேசினேன்..."

சொர்ணபாய் பேரில் அவர் குரல் உடைந்தது. அதே இடத்தில் பிள்ளை ஒரு நீளமான மூச்சை இழுத்து விட்டது, பால் குடித்து முடித்த பிள்ளைகள் விடுகிற மூச்சு. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

மைதீன் பீவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேச்சித்தாய் அவளை அணைத்துக்கொண்டாள். சாயங்கால மணியடிக்கக் கயிற்றில் கை வைத்திருந்த தவசிமுத்து, கயிற்றை மெதுவாகத் தூணில் கட்டிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். ஒத்தக்கல்மலையில் ஆராதனை மணி அடிக்காத சாயங்காலம் அது ஒன்றுதான்.

கிருபாகரன் குனிந்து, காதோடு காதாக, "கொடுங்கய்யா, உள்ளே வச்சிடறேன்" என்றார்.

"தொடாதீங்க சாமி. இப்பத்தான் அசந்திருக்கான்."

எப்சிபாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழுப்பேறிய தாளில் நீளமாக இழுத்த அந்தக் கோடு அப்படியேதான் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அம்மா கல்லுல என்னப்பா வெட்டச் சொல்லட்டும்?"

"என்ன கேள்வி இது. சொர்ணபாய் பெல்லமின்னு வெட்டச் சொல்லு."

"அந்தத் துரை..."

"துரை செத்து அவன் ஊர்ல நல்லாத் தூங்குதான், அவனுக்கு எதுக்கு இந்தப் பேரு? இது வில்லியம் பேரு." பதிவேட்டின் மேல் துண்டை இழுத்துப் போர்த்திவிட்டு, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே சொன்னார். "நாம வேண்டாம்னுட்டா, இந்தப் பிள்ளைக்கு வேற யாருட்டி இருக்கா?"